தங்கமுத்துவும் மாமனார் வீட்டு ரேடியோவும்

தங்கமுத்துவுக்குப் பொறாமை வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துப் பொம்மையன் கிணற்றில் ஒரு சாண் தண்ணீர் கூடக் கிடந்தால் போதும், இவனுக்கு மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. பொம்மையன் வீட்டு மாடு கன்று போட்டால், "கிடாரியா, காளையா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பான். கிடாரி என்று பதில் வந்தால் முகம் செத்துப்போகும். அதை மறைக்கவாவது தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. "ஒனக்கென்னப்பா, நீ மகராசன்" என்று மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். பொம்மையன் ஆயில் இன்ஜின் வாங்கி வைத்த வருஷம், அது ஓடுகிற சத்தம் காதில் விழக்கூடாது என்று இவன் தண்ணீர் இறைக்கிற தன் கவலை மாட்டை அப்படி அதட்டினான். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருந்த புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

நிலக்கோட்டைக்கு வடக்கே இரண்டு மைலில் ஒரு ஏக்கர் மல்லிகை அவனுக்கு. விடியுமுன் பூப் பறிக்க வேண்டும், வெயில் ஏறுமுன் மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அப்புறம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். உழைப்பில் அவனைக் குறை சொல்ல ஊரில் ஆளில்லை. பெற்றவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. அப்பன் சடையாண்டி இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள். அவர்கள் மாறி மாறி அவள் மடியில் கிடந்து புரண்டதை இவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்து வளர்ந்தான். அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. சோறு போட்டாள், எண்ணெய் வைத்தாள், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தாள். மடிக்கு மட்டும் கூப்பிடவில்லை. பொறாமை அந்த நிலைப்படியில்தான் ஆரம்பித்திருக்கும் போலிருக்கிறது. அப்புறம் கிணறு, மாடு, இன்ஜின் என்று போனது எல்லாம் அதன் கிளைதான்.

ஆகவே அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்தபோது, ஆள் தரையில் நடக்கவில்லை.

பெண்டாட்டி சண்முகவள்ளி திண்டுக்கல் டவுன்காரி. தூரத்துச் சொந்தம். அவள் அப்பா பொன்னுத்துரைக்கு மேற்கு ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. முன்பக்கம் பூட்டுப் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். காலை எட்டு மணிக்குத் தகட்டில் சுத்தியல் விழ ஆரம்பித்தால் இருட்டும்வரை நிற்காது. அரம் ராவுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். அந்த வீட்டில் இருப்பவர்கள் பேசுவதே சண்டை போடுகிற மாதிரித்தான் இருக்கும். ஏழாம் மாதம் வளையல் போட்டு வள்ளியை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம்தானே. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவன், அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. பெண்டாட்டியைப் பிரிந்த துக்கம் பாதி, பிள்ளையின் முகத்தைத் தனக்கு முன்னால் மாமனார் வீட்டு ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்கிற எரிச்சல் பாதி.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் ஆண் பிள்ளை பிறந்தது. அதே வாரத்தில் பொன்னுத்துரை வீட்டுக்கு ரேடியோவும் வந்தது.

"பேரன் வந்த நேரம் வீட்டுல பாட்டுக் கேக்கணும்" என்று பொன்னுத்துரை ஒரே பிடியாக நின்று வாங்கினார். பேகம்பூர் ரேடியோக் கடைக்காரர் சௌகத் அலி வந்து மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே வலைபோல ஏரியல் கட்டி, ஒயரை இறக்கி மாட்டிக் கொடுத்தார். ரேடியோ வைத்துக்கொள்ளத் தபாலாபீசில் லைசென்சும் எடுத்தாகிவிட்டது. பெட்டியை எங்கே வைப்பது? நடுவீட்டில், உயரமான ஸ்டூலில். பிள்ளையின் தூளி எங்கே கட்டியிருந்தது? அதே நடுவீட்டில், அதற்கு நேர் எதிரே. மாமியார் பொன்னழகு மட்டும் முதல் நாள் முனகினாள்.

"பச்சப்பிள்ள இருக்குற வீட்டுல இம்புட்டுச் சத்தம் வேணுமா? தூக்கிவாரிப் போட்டுறாது?"

சௌகத் அலி குமிழைத் திருகினார். உள்ளே விளக்கு எரிந்து, ஊர்ப்பெயர் எழுதின கண்ணாடி மஞ்சளாகப் பளபளத்தது. மூலையில் ஒரு பச்சை வெளிச்சம் கண் மாதிரி விழித்தது. சத்தம் வரவில்லை. "செத்த நேரம் பொறுங்க ஆத்தா. லைட்டு மொதல்ல வந்துரும். உள்ள வால்வு சூடேறுன பொறவுதான் குரல் வரும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சிலோன் ஸ்டேஷன் பாட்டு வீடு அதிர எழும்பியது. பொன்னழகு ஓடிப்போய்த் தூளியை விலக்கிப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. கை மடக்கியது மடக்கினபடி சுகமாகத் தூங்கியது.

அவ்வளவுதான், அன்றிலிருந்து பொன்னழகுக்குப் பெருமை தாங்கவில்லை. "பட்டறையில அந்த அடி அடிக்கிறாக, ரேடியா இந்தக் கத்து கத்துது, எம்பேரன் ஒரு சிணுங்கல் சிணுங்கணுமே! பட்டறைக்காரன் பேரன்ல!" என்று சந்தில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னாள். பிள்ளை பெற்ற வீடு என்றால் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று மற்ற வீடுகளில் கட்டுப்பாடு செய்கிற காலத்தில், இந்த வீட்டில் மட்டும் திருவிழா.

முப்பதாம் நாள் பெயர் வைக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பிரம்புக்கூடை நிறைய மல்லிகையோடு போனான். அன்றைக்குத்தான் பிள்ளையை அவன் நல்ல வெளிச்சத்தில் பார்த்தான். தன் அப்பனின் நெற்றி, தன் மூக்கு. பிள்ளையை மடியில் வைத்து, காதோடு வாயை வைத்து, மூன்று தடவை பெயரைச் சொல்லச் சொன்னார்கள்.

"சடையாண்டி. சடையாண்டி. சடையாண்டி."

பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. கண் எங்கேயோ இருந்தது. தங்கமுத்து அந்தக் கண் போகிற திக்கைப் பார்த்தான். ஸ்டூல் மேல் ரேடியோ, பச்சைக் கண்ணை விழித்துக்கொண்டு நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

"பேரைச் சொல்றப்பவாவது அதை அமத்தக் கூடாதா மாமா?" என்றான்.

"நல்ல காரியத்துல மேளம் நிக்கலாமா மாப்ளே?" என்று பொன்னுத்துரை சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பு வேலமுள்ளாகக் குத்தியது. தான் வைத்த பெயரும் அந்த வீட்டில் நிற்கவில்லை. அடுத்த தடவை போனபோது எல்லோரும் பிள்ளையை 'ரேடியாக்காரன்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை போவான். பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அப்படியே பஸ் ஏறி, பத்து மணி வாக்கில் சந்துக்குள் நுழைவான். நேரே போய்ப் பிள்ளையைத் தூக்கினால் என்ன? அங்கேதான் அவன் கிறுக்கு இருக்கிறது. தூக்கமாட்டான். நிலைப்படியில் நின்றுகொண்டு, "ஏலே சடையாண்டி! அப்பு!" என்று கூப்பிடுவான். பிள்ளை தானாகத் திரும்பித் தன்னைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தன் குரல் கேட்டுத் திரும்பினால் போதும். அதற்காகப் பதினைந்து மைல் பஸ்ஸில் குலுங்கி வருகிறான். பிள்ளையோ தலகாணி அணைப்பில் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். திரும்பாது. இரண்டாம் தடவை இன்னும் உரக்கக் கூப்பிடுவான். உள்ளே பாட்டுச் சத்தம், வெளியே சுத்தியல் சத்தம். அதற்குள் யாராவது வந்து, "வாங்க மாப்ளே, ஏன் வாசல்லயே நிக்கிறீக?" என்று கேட்டுவிடுவார்கள். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவான்.

சித்திரையில் பிள்ளை சிரிக்க ஆரம்பித்தது. யாரைப் பார்த்து? கேட்கவே வேண்டாம்.

"இங்காருங்க, ஒரு வேடிக்க காட்டுறேன்" என்று வள்ளி அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். பத்தொன்பது வயசுப் பெண், முகமெல்லாம் பூரிப்பு. ரேடியோக் குமிழைத் திருகினாள். விளக்கு எரிந்தது. பாட்டு இன்னும் வரவில்லை. பிள்ளை காலை உதைத்துக்கொண்டு, பொக்கை வாய் திறந்து சிரித்தது. கையை ரேடியோவின் பக்கம் நீட்டி நீட்டி ஆட்டியது. அப்புறம்தான் பாட்டு வந்தது.

"பாத்தீகளா? பாட்டு வர்றதுக்கு முன்னாலயே சிரிக்கிறான்! இப்ப வரும்னு அவனுக்குத் தெரியுது! சௌகத் அண்ணன்கூட அசந்துட்டாரு. இம்புட்டு ஞானம் எந்தப் பிள்ளைக்கு இருக்குன்னு கேக்குறாரு."

தங்கமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தனக்காக ஒரு தடவை திரும்பாத பிள்ளை, பாடுவதற்கு முன்னாலேயே அந்தப் பெட்டிக்காகச் சிரிக்கிறதாம்! மனுசனாக இருந்தால் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். மரப்பெட்டியிடம் என்ன கேட்பது? அதற்கு அப்பன் உண்டா, ஆத்தா உண்டா, பசி உண்டா? கண்ணாடி மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரு மனுசனின் பிள்ளையை மயக்கி வைத்திருக்கிறதே என்று மனசுக்குள் கறுவினான்.

"எனக்கு முன்னால இத வச்சு ஆட்டங்காட்டாத" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான்.

வள்ளியின் முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளைக்கு ஒரு திறமை இருக்குன்னா அப்பன் சந்தோசப்படணும். நீங்க என்னன்னா..." என்று முணுமுணுத்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெற்ற பிள்ளை பேரில் பொறாமைப்படவில்லை, பெட்டி பேரில்தான் படுகிறோம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். வீடு வந்து சேரும்வரை அந்த நியாயம் நிற்கவில்லை.

இனி இருந்த ஒரே வழி, பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்துவிடுவது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருசன் வீட்டுக்கு அனுப்புவது முறை. ஐந்தாம் மாதம் ஆனி. ஆனியை விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் அனுப்பமாட்டார்கள், அப்புறம் ஆவணிதான். அதற்குள் பிள்ளை உட்கார்ந்துவிடும், தவழ்ந்துவிடும், 'அப்பா' என்ற சொல்லையும் ரேடியோவைப் பார்த்துத்தான் சொல்லும். தங்கமுத்து தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்தான். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினான். பொம்மையன் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "மகன் வாரானாக்கும்?" என்று கேட்டான். "வாராம? என் மகன் என் வீட்டுக்கு வாராம வேற எங்க போவான்?" என்றான் இவன்.

ஆனி பிறந்த முதல் வாரம் போய்க் கேட்டான். பொன்னுத்துரை தொண்டையைக் கனைத்தார். பொன்னழகு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பேசி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அதுக்கில்ல மாப்ளே. ஒங்க ஊர்ல கரண்டு இல்ல. ரேடியா இல்லாம பிள்ள ஒரு பொழுது இருக்கமாட்டான். அமத்துனா ஒரே அழுகை. பட்டிக்காட்டுல வச்சு அவன ஏங்கவிடணுமா? ஆவணியில பாத்துக்குவோம்."

"நான் பெத்த பிள்ள மாமா."

"யாரு இல்லன்னா? செத்த நாள் பொறுங்கன்னுதான சொல்றோம்."

தங்கமுத்து வள்ளியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவன் அழுதா எனக்குத் தாங்காதுங்க" என்றாள். அவளுக்கும் அந்தப் பாட்டும் டவுனும் தாய்வீடும் விட மனசில்லை என்பது குரலில் தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டிருப்பான். அன்றைக்கு அவனிடம் அதற்கு மிச்சமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பேகம்பூருக்கு நடந்தான்.

சௌகத் அலி கடைவாசலில் ஒரு பழைய ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டி ஊமையாப் போகணும்னா என்ன செய்யணும்?"

சௌகத் அலி நிமிர்ந்து பார்த்தார். விஷயம் புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "யா அல்லா! என்ன தங்கமுத்து, ரேடியாவுக்கா சூனியம் வைக்கப்போறீரு?"

"சிரிக்காதீகண்ணே. பாட்டு இல்லாட்டி பிள்ள அழுகுதுங்குறாக. பாட்டு நிக்கிறப்ப நான் பக்கத்துல இருந்தா அழமாட்டான். அப்பன் குரல் போதும் அவனுக்கு. அத நான் காட்டணும். ஆனா நான் அணைச்சேன்னு தெரிஞ்சா மாமியா பிடுங்கி எடுத்துருவா."

சௌகத் அலிக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. எதிரில் இருந்த பெட்டியிலேயே காட்டிக்கொடுத்தார். "இந்தா பாரும், இடது கைக் குமிழ். இதைப் பின்னால திருகிக்கிட்டே வந்தா சத்தம் கொறையும். கடைசியில 'டக்'குனு ஒரு சத்தம் வரும். அது வந்தா பெட்டி அணைஞ்சுரும். அதுக்கு ஒரு நெல்லளவு முன்னால நிறுத்திப்புட்டீருன்னா லைட்டு எரியும், குரல் இருக்காது. தூரத்துல இருந்து பாக்குறவுகளுக்கு ஓடுற மாதிரியே தெரியும். கேட்டா, ஸ்டேசன்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

அடுத்த வாரம் அவனுக்கு வாய்ப்பு வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது பொன்னழகு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னுத்துரை பட்டறையில் இருந்தார். வள்ளி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் பிள்ளையும் ரேடியோவும்தான். பிள்ளை பாயில் கிடந்து, கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு, அந்த மஞ்சள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோவில் யாரோ ஒரு அம்மாள் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தாள். "பாடு, பாடு. இன்னும் செத்த நேரம்தான்" என்று தங்கமுத்து அவளிடம் சொன்னான்.

குமிழைப் பிடித்தான். மெல்ல மெல்லப் பின்னால் திருகினான். அம்மாளின் குரல் தேய்ந்து, கொசுவின் ரீங்காரம்போல் ஆகி, நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று விலகி, பிள்ளைக்குப் பின்பக்கமாக வந்து, அழுகைக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அழ வேண்டும், அழுததும் இவன் கூப்பிட வேண்டும், அது திரும்ப வேண்டும், சிரிக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது அத்தனையும் மனசில் நடத்திப் பார்த்துவிட்டான்.

பிள்ளை அழவில்லை. விரலை எடுத்துவிட்டு, எச்சில் ஒழுக, அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தது. காலை உதைத்துக்கொண்டது. வழக்கம்போல.

தங்கமுத்துவுக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. அடேயப்பா! பாட்டு நின்றுவிட்டது, பிள்ளை அழவில்லை! அப்படியானால் பாட்டு ஞானமும் இல்லை, வெங்காயமும் இல்லை! ரேடியோ இல்லாமல் இருக்கமாட்டானாமே, இதோ இருக்கிறானே! மாமியாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், மாமனாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், பெட்டியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு இன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ஐந்து மாசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இப்போது நடுவில் யாரும் இல்லை. பெட்டி வாய் மூடிவிட்டது. தகப்பனும் மகனும்தான்.

"சடையாண்டி" என்று ஆசையாகக் கூப்பிட்டான்.

பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அப்பு, இங்க பாரு. அப்பா வந்திருக்கேன்."

திரும்பவில்லை. பட்டறைச் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று நினைத்தான். குனிந்து, தலைக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில், கையைத் தட்டினான். இன்னொரு தடவை ஓங்கித் தட்டினான். உச்சி முடிகூட அசையவில்லை. பக்கத்தில் கிடந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தரையில் போட்டான். அது சுழன்று சுழன்று கணகணத்து அடங்கியது. அவன் உடம்புதான் சிலிர்த்தது. பிள்ளைக்கு அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உள்ளே ஏதோ நழுவியது. வேண்டாம் என்று மனசு சொன்னது. இதற்கு மேல் பார்க்காதே, போய்க் குமிழைத் திருகிவிட்டு உட்கார்ந்துவிடு என்றது. ஆனால் அவனால் நிற்க முடியவில்லை. மூச்சை இழுத்து, கவலை மாட்டை அதட்டுகிற குரலில், நெஞ்சு வெடிக்கிறாற்போல், "சடையாண்டீ!" என்று கத்தினான்.

பட்டறையில் சுத்தியல்கள் நின்றன. மாடியில் பொன்னழகு கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டாள். பின்கட்டில் துணி துவைக்கிற சத்தம் நின்றது. சந்தில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரன் ஒருவன் காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தான். அத்தனை பேரும் திரும்பினார்கள். கூப்பிடப்பட்டவன் மட்டும் பச்சைக் கண்ணைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

பொன்னுத்துரை ஓடிவந்தார். பின்னாலேயே படியிறங்கி மாமியார் வந்தாள்.

"என்ன மாப்ளே இது! பச்சப்பிள்ளைகிட்ட இப்பிடியா கத்துறது? பயந்துகிட்டான்னா?"

"பயப்படல மாமா" என்றான் தங்கமுத்து. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அவனா பயப்படுவான்? பட்டறைக்காரன் பேரன்" என்றாள் பொன்னழகு, அந்தப் பதற்றத்திலும் பெருமை விடாமல். அப்புறம் ரேடியோவைப் பார்த்து, "இது ஏன் பேசாமக் கெடக்கு?" என்று போய்க் குமிழைத் திருகினாள். பாட்டு எழும்பியது. பிள்ளையின் முகத்தைக் காட்டி, "பாத்தீகளா, பாட்டு வந்ததும் என்னமாச் சிரிக்கிறான்!" என்றாள். பிள்ளை அதற்கு முன்னாலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

பொன்னுத்துரை மருமகனின் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நாளாகத் தான் செய்ததற்கு மனுசன் இன்றைக்கு வெடித்துவிட்டான் என்று அவர் எடுத்துக்கொண்டார். கிட்டே வந்து தோளில் கை வைத்தார்.

"ஒங்க மனசு எனக்குப் புரியுது. நாங்க செஞ்சது தப்புத்தான். வெள்ளிக்கெழம நல்ல நாளு. நானே கொண்டாந்து விடுறேன். பிள்ள கொஞ்ச நாள் பாட்டுக்கு ஏங்குவான், அப்பறம் பழகிக்கிருவான். என்ன பொன்னழகு?"

"ஏங்குவானே என் ராசா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள்.

கேட்டது கிடைத்துவிட்டது. தங்கமுத்து அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான். அவர் தாளத்துக்கு விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பேரனைத் தூக்கி, பாட்டுக்கு ஏற்றபடி குலுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பாட்டு கேட்கிற பேரன் ஒருவன் இருந்தான். ஒரு நாழிகைக்கு முன்னால் இவனுக்கும் அப்படி ஒரு மகன் இருந்தான். தன் பிறவியில் கிணற்றுக்கோ மாட்டுக்கோ அந்த மடிக்கோ அவன் இப்படிப் பொறாமைப்பட்டதில்லை. அவர்களுடைய அறியாமையைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வாயைத் திறந்து நாலே வார்த்தை சொன்னால் போதும், அவர்களிடமும் அது இல்லாமல் போய்விடும். சொல்வதற்கு நாக்கு வரை வந்துவிட்டது.

அவன் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் வைத்துக்கொள்ளட்டும்.

வள்ளி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள் என்று அம்மா சொல்ல, அவள் புருசனைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

"துணி தொவைக்கிற கல்லு வரைக்கும் கேட்டுச்சு ஒங்க சத்தம். ஏங்க, இன்னைக்காவது திரும்பிப் பாத்தானா?"

பிள்ளை மாமியாரின் தோளில் கிடந்தபடி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தான்" என்றான்.